இன்ஸ்பெக்ஷன் நாளில் பெரியம்மா படுத்த கட்டில்

முதலில் என் கண்ணில் பட்டது போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள்தான். கெண்டைக்கால் வரை சேறு. மின்விசிறிக் காற்றில் அது காய்ந்து வெள்ளையாக வெடித்துக்கொண்டிருந்தது. போர்வையோ புத்தம் புதுசு, கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டாண்டு, ஸ்டாண்டில் க்ளுக்கோஸ் பாட்டில். அதிலிருந்து இறங்கிய குழாயின் முனை கைக்குள் ஏறவில்லை. மேலே பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது.

கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டில் ‘கடும் வயிற்றுவலி, மூன்றாம் நாள்’ என்று எழுதியிருந்தது. நோயாளி மெல்லப் போர்வையை விலக்கி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

“ஏய் தேவி, நீ இன்னாடி இங்க கீற?”

என் பெரியம்மா. அம்மாவுக்கு அக்கா. காலனியில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

“பெரிம்மா, நீ இங்க இன்னா பண்ற?”

“நான் நோவுல படுத்துக்கினு கீறேன். நீ?”

“இதான நான் வேல செய்ற காலேஜு. நான் இங்க வாத்தியாரு.”

“நீயாவது நெஜமா, இல்ல உன்னயும் வேன்லதான் ஏத்தினாங்களா?”

கதவுப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. பெரியம்மா சட்டென்று கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவளுக்குள் இப்படி ஒரு நடிகை இருப்பது எனக்குத் தெரியாது.

எலும்புக்கூடும் பிரின்சிபாலும்

போன வாரம் நான் நர்சிங் படித்து முடித்த கதையை எழுதியிருந்தேன். “படித்து முடித்ததும் வாழ்க்கை மாறியிருக்குமே” என்று ஒரு வாசகர் அன்போடு கேட்டிருந்தார். மாறியது ஐயா. மாறி எங்கே போய் நின்றது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஏரிக்கரையைத் தாண்டி, ஒரு நர்சிங் கல்லூரி முளைத்திருந்தது. பெயர் வேண்டாம். பெயர் மட்டும் அங்கே உண்மையாக இருந்தது, அதையும் கெடுப்பானேன். சேர்மன் அதற்கு முன்பு கல் குவாரி வைத்திருந்தவர். பாறையை உடைத்துக் காசாக்கியவருக்குப் படிப்பை உடைப்பது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

அங்கே எனக்கு டியூட்டர் வேலை. உடம்பியல் நான்தான், சத்துணவு நான்தான், மனநலம் நான்தான், சமுதாய நலமும் நான்தான். மற்ற டியூட்டர்கள் எல்லாம் ஆபீஸ் சுவரில் போட்டோவாகத் தொங்கினார்கள். பிரின்சிபால் மேடமும் அந்தச் சுவரில்தான் இருந்தார். இன்ஸ்பெக்ஷன் அன்று காரில் வந்து இறங்கி, வாட்ச்மேனிடம், “பிரின்சிபால் ரூம் எந்தப் பக்கம்ப்பா?” என்று கேட்டார். அவனும் மரியாதையாக, “அவங்க இருக்க மாட்டாங்கம்மா” என்றான்.

லேபில் ஓர் எலும்புக்கூடு உண்டு. எங்கள் கல்லூரிக்கும், செய்யாறு பக்கம் இருந்த சேர்மனுடைய மச்சான் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே எலும்புக்கூடு. எங்கே இன்ஸ்பெக்ஷனோ அங்கே அது லாரியில் போகும். சம்பளம் கேட்காமல், லீவு போடாமல் இரண்டு இடத்திலும் வேலை பார்த்த ஒரே ஊழியர் அதுதான்.

நர்சிங் கல்லூரி என்றால் கூடவே ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி என்றால் கட்டில் நிறைய நோயாளி இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களிடம் ஒரு பெரிய ஹால் இருந்தது. வருஷம் பூராவும் சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்கும். இன்ஸ்பெக்ஷன் வந்தால் மூட்டை வெளியே போகும், கட்டில் உள்ளே வரும். அதில் படுக்க ஆட்களும் வருவார்கள்.

படித்த பிள்ளைகளின் கதைதான் பாவம். சுற்றுப்பட்டு கிராமத்துப் பெண்கள். தோட்டைக் கழற்றி, மாட்டை விற்று ஃபீஸ் கட்டிவிட்டு வந்தவர்கள். பொம்மையின் கையில் ஊசி குத்திப் பழகினார்கள். அந்தப் பொம்மைக்கும் ஒரு கை இல்லை.

பீரோவுக்குள் என் படிப்பு

இந்தக் கல்லூரிகளில் வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து நர்சிங் கவுன்சில் பதிவு வரைக்கும் அத்தனையும். “பத்திரமா இருக்கும்மா, வூட்ல கரையான் அரிச்சிடும்” என்று சேர்மன் தாய்ப்பாசத்தோடு சொன்னார். ஆபீஸில் ஓர் இரும்பு பீரோ. என் படிப்பு முழுக்க அதற்குள் இருந்தது. வேறு வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பீரோவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அரசாங்க நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். காலனி முழுக்க விஷயம் தெரியும். எங்கள் தெருவில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகும் முதல் ஆள் நான் என்று பெரியம்மா பால்காரரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

சேர்மனிடம் கேட்டேன். “இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்மா” என்றார். சரி, முடிந்ததும் கொடுத்துவிடுவார் என்று நம்பி, ராத்திரி பகலாகக் கேஸ் ஷீட் எழுதினேன். கட்டிலுக்கு ஒரு நோய் வேண்டும், எல்லாருக்கும் காய்ச்சல் என்றால் நன்றாக இருக்காது. ஒரு கட்டத்தில் எனக்குத் தெரிந்த நோய்கள் தீர்ந்துபோய், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன்.

உலகம் பூராவும் இப்படித்தானாம்

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் செல்போனில் உலகச் செய்தி படிப்பவர். நான் இந்தக் கதையைச் சொல்லி எப்போது புலம்பினாலும், “நம்ம ஊர் மட்டுமா” என்று ஆரம்பிப்பார்.

வெளிநாட்டில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களிலேயே, தண்ணீரில் கால் வைக்காத பணக்காரப் பிள்ளையை நீச்சல் விளையாட்டு வீரன் என்று காட்டி சீட் வாங்கினார்களாம். வேறு யாரோ விளையாடுகிற போட்டோவில் இவன் தலையை ஒட்டி அனுப்பினார்களாம். இன்னும் சில நாடுகளில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுக்கவே கடை வைத்திருக்கிறார்களாம். டாக்டர் பட்டம் வாங்கியவருக்குத் தன் ஆராய்ச்சி எதைப் பற்றி என்றே பட்டமளிப்பு விழாவில்தான் தெரியுமாம்.

கேட்டுக்கொண்டேன். ஆனாலும் எங்கள் ஊரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவர்கள் வெறும் போட்டோவில் தலையை ஒட்டினார்கள். நாங்கள் ஆளையே கொண்டுவந்து படுக்க வைத்தோம்.

நடவு பாதியில் நின்றது

பெரியம்மா எப்படி அங்கே வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். நோயாளி பிடிக்கும் வேலை வேன் டிரைவருடையது. அவன் வழக்கமாக ஆள் ஏற்றும் ஊரில் அன்றைக்கு ஒரு சாவு. ஒருத்தரும் வரவில்லை. இன்ஸ்பெக்ஷன் குழு காஞ்சிபுரத்தில் நாஷ்டா சாப்பிட்டுக் கிளம்பிவிட்டது என்று போன் வந்ததும், அவன் பதறிப்போய் திருப்புலிவனம் ரோட்டில் வேனை விட்டிருக்கிறான். வழியில் ஒரு கழனியில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எங்கள் காலனிப் பெண்கள்.

“ஒரு நாள் பூரா ஃபேன் காத்துல படுத்துக்கினு இருந்தா போதும், நடவுக் கூலிய விட ஜாஸ்தி” என்று கூப்பிட்டிருக்கிறான். இப்படி ஒரு வேலைக்கு யாராவது மாட்டேன் என்பார்களா? நாற்றுக்கட்டை அப்படியே போட்டுவிட்டு, கால்கூடக் கழுவாமல் வேனில் ஏறிவிட்டார்கள். வேனில் கொட்டை எழுத்தில் ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கும்.

அங்கேதான் கோளாறு. வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் தூரத்திலிருந்து பார்த்தது ஒன்றே ஒன்றுதான். நடவு நட்ட பெண்கள் எல்லாரையும் ஓர் ஆஸ்பத்திரி வண்டி அவசரமாக அள்ளிக்கொண்டு போகிறது. அவர் மாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்க் காலனியில் சொன்னார். கழனியில் அடித்த மருந்து என்று ஒருத்தர் சொல்ல, காலையில் குடித்த கூழ் என்று இன்னொருத்தர் சொல்ல, அரை மணி நேரத்தில் விஷயம் பழையசீவரம் வரைக்கும் போய்விட்டது.

பார்க்க வந்தவர்கள்

இன்ஸ்பெக்ஷனுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள். வெள்ளிக் கிண்ணத்தில் முந்திரியும், கழுத்தில் ரோஜா மாலையுமாக வார்டுக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் எங்கள் மாணவிகள் யூனிஃபார்மில் விறைப்பாக நின்றார்கள்.

ஒரு மாணவி என் காதருகில் வந்து, “மேடம், நெஜமாவே பி.பி. பாக்கட்டுமா?” என்று கேட்டாள். பார் என்றேன். உயிருள்ள ஒரு கையை அந்தப் பிள்ளைகள் முதல்முதலாகத் தொட்டது அன்றைக்குத்தான். பெரியம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி, அழுத்தி, காதில் கேட்டுவிட்டு, “கேக்குது மேடம்” என்று அவள் சிரித்ததை என்னால் மறக்க முடியவில்லை.

பெண் பேராசிரியர் கால்களைப் பார்த்துவிட்டார். ஏன் எல்லா நோயாளிக்கும் காலில் சேறு என்று கேட்டார். சேர்மன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இது ஏழை ஏரியா மேடம். கழனியில் மயங்கி விழுந்தால் நேராக எங்களிடம்தான் தூக்கி வருவார்கள்” என்றார். மேடம் நெகிழ்ந்துபோய் அதைக் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் பைக்குகள்.

எங்கள் காலனியில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு வராவிட்டால் மன்னித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதுவும் வெறுங்கையோடு வரக்கூடாது. பிரெட்டு, சாத்துக்குடி, இளநீர், முடியாதவர்கள் இரண்டு வாழைப்பழமாவது கொண்டுவர வேண்டும். மொத்தக் காலனியும் அப்படித்தான் வந்து இறங்கியது.

முன்னால் வந்தவர் அஞ்சலை அத்தை. பெரியம்மாவின் நாத்தனார், திருமுக்கூடலில் கட்டிக்கொடுத்தவர். தாய் வீட்டில் இருந்த ஒரு முருங்கை மரத்து எல்லைத் தகராறில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவர் ஒரு பை சாத்துக்குடியோடு ஓடிவந்து பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

“மரம் போனா போவுது அண்ணி, நீ எய்ந்து வா. நீயே பூரா காயும் பறிச்சிக்கோ.”

பெரியம்மாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா ஏன் அழுகிறார் என்று பேராசிரியர் கேட்டார். எங்கள் சிகிச்சையை நினைத்து நன்றியில் அழுகிறார் என்றார் சேர்மன். இவ்வளவு கூட்டம் வரும் ஆஸ்பத்திரியை இந்தப் பக்கம் எங்கேயும் பார்த்ததில்லை என்று இரண்டு பேரும் சேர்மனின் கையைக் குலுக்கினார்கள். டிரைவர் போன இடத்தில் சாவு விழாமல் இருந்திருந்தால் இந்தப் பாராட்டு கிடைத்திருக்காது.

கட்டில் போக வேண்டும்

மதியம் பிரியாணி முடிந்ததும், பேராசிரியர்களை உத்திரமேரூர் கோயில் கல்வெட்டைக் காட்ட மச்சான் அழைத்துக்கொண்டு போனார். எங்கள் ஊருக்கு வரும் எந்த அதிகாரியும் அதைப் பார்க்காமல் போவதில்லை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்ந்தெடுத்த காலத்துச் சட்டம். கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய சொந்தமும் பதவிக்கு நிற்கக்கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். சேர்மனின் மச்சான் அதை வரி வரியாக விளக்கிச் சொன்னதாகக் கார் டிரைவர் பிற்பாடு சொன்னார். அவர்கள் திரும்பி வந்து டீ குடித்துவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

இதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. விஷயம் என்னவென்றால், அந்தக் கட்டில்களும் மச்சானோடு பொதுச் சொத்து. மறுநாள் காலையில் செய்யாறு பக்கக் கல்லூரியில் வேறொரு குழுவின் இன்ஸ்பெக்ஷன். எலும்புக்கூட்டை முதலில் ஏற்றிவிட்டார்கள். சேர்மன் வார்டுக்குள் வந்து கையைத் தட்டினார்.

“நல்லா பண்ணீங்க எல்லாரும். எய்ந்துக்கங்க, கட்டில் போவணும்.”

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

“எய்ந்துக்கறதுக்கு இன்னா சார், எய்ந்துக்கலாம்” என்றாள் பெரியம்மா. “வெளிய எங்க நாத்தனா உக்காந்துக்கினு கீது. பேச்சே இல்லாம இருந்தவ, சாத்துக்குடி வாங்கியாந்து அய்துட்டு கீறா. அவ எதிர்ல நான் பொசுக்குனு எய்ந்து வேன்ல ஏறுனா, இன்னா நெனைப்பா? மொதல்ல அவங்கள்லாம் போவட்டும்.”

“அவங்க எப்ப போவாங்க?”

“டாக்டரு வந்து பயமில்லன்னு சொல்ட்டா போய்டுவாங்க.”

சேர்மன் விழித்தார். காலையில் கழுத்தில் ஸ்டெத்தோடு வலம் வந்தவர் பல் டாக்டர். அவரும் முன்கூட்டியே செய்யாறு போய்விட்டார். சேர்மன் தலையைச் சொறிந்துகொண்டு வராந்தாவுக்கு வந்தார். இதுதான் சமயம் என்று நான் பின்னாலேயே போனேன்.

“சார், இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சிடுச்சி. என் ஒரிஜினல குடுத்தீங்கன்னா…”

“ஒரிஜினலா? அத்தயெல்லாம் பொட்டில வெச்சி லாரில ஏத்தியாச்சேம்மா. நாளைக்கு அங்கயும் நீதான் டியூட்டர். நீயும் கெளம்பு.”

“திங்கக்கெழம எனக்கு வெரிஃபிகேஷன் சார்.”

“அதுக்கப்பறமும் ரெண்டு எடத்துல இன்ஸ்பெக்ஷன் கீது. எல்லாம் முடியட்டும். கவர்மென்ட் வேலைல இன்னா கீது? கண்ட ஊருக்குத் தூக்கி அடிப்பான். இங்க நம்ம வூடு மாதிரி.”

இத்தனை வருஷப் படிப்பு ஒரு பெட்டிக்குள், எலும்புக்கூட்டுக்குக் கீழே, லாரியில் இருந்தது. அந்த ஆளை அடிக்கலாம் போல ஆத்திரமாக வந்தது. அழுகைதான் வந்தது. வார்டு ஜன்னல் திறந்திருந்ததை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வயிற்றுவலி

“ஐயோ வவுறு” என்று உள்ளேயிருந்து ஓர் அலறல்.

பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டாள். அவளைப் பார்த்து அடுத்த கட்டில், அதைப் பார்த்து அதற்கடுத்தது. கால் முறிவு என்று நான் எழுதி வைத்திருந்த அக்காவுக்கு மாரடைத்தது. காமாலைக்காரிக்கு வலிப்பு வந்தது. காலையில் அவ்வளவு சாதுவாகப் படுத்திருந்த நோயாளிகள் இப்போதுதான் முழு மூச்சாக வேலையைப் பார்த்தார்கள்.

வெளியே பிரெட்டோடு உட்கார்ந்திருந்த கூட்டம் உள்ளே பாய்ந்தது. அவர்களுக்கு எல்லாம் நிஜம். அஞ்சலை அத்தை நேராகச் சேர்மனிடம் போனார்.

“காலைல நடவு நட்ட பொம்பளைங்கய்யா. நல்லாதான இருந்தாங்க. நீ இன்னா ஊசி போட்ட?”

“யம்மா, அவங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா…”

“ஒண்ணும் இல்லாதவளுக்கு எதுக்கு க்ளுக்கோஸு ஏத்துன?”

கட்டிலைத் தூக்க வந்த லோடுமேன்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லாரியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சேர்மனின் போன் அடித்தது. மச்சான்தான். கல்வெட்டு பார்த்து முடித்தாயிற்று, கிளம்பிவிட்டோம் என்றார். சேர்மனின் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

பெரியம்மா விரலை ஆட்டி அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

“சார், எனக்கான மருந்து உங்க லாரில கீது. எம் பொண்ணு படிச்ச படிப்பு அது. அத்த எடுத்தாந்து அவ கைல குடு, எல்லாம் சரியாப்பூடும்.”

“இன்னா, மெரட்றியா?”

“நானா? நான் எய்ந்துக்கவே முடியாம கீறேன் சார்.”

சேர்மன் வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரியில் எலும்புக்கூட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடியிலிருந்த பெட்டியை லோடுமேன் இழுத்தான். என் ஃபைல் வந்தது.

“எல்லாம் கீதான்னு ஒண்ணொண்ணா பாரு” என்றாள் பெரியம்மா, படுத்தபடியே.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மார்க் ஷீட், டிகிரி, பதிவு, சாதிச் சான்றிதழ். எல்லாமே இருந்தது.

அஞ்சலை அத்தை எட்டிப் பார்த்தார். “ரிப்போட்டு வந்துட்ச்சா? இன்னா போட்டுக்கீறான்?”

“எல்லாம் நல்லா கீதுன்னு போட்டுக்கீறான்” என்று பெரியம்மா எழுந்து உட்கார்ந்தாள். கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஒரு சாத்துக்குடியை உரித்தாள். மற்றவர்களும் வரிசையாகக் குணமானார்கள். மருத்துவ உலகத்தில் இப்படி ஒரு வெற்றி அதற்குப் பிறகு நான் கேள்விப்பட்டதில்லை.

சொன்ன கூலியில் பாதிதான் டிரைவர் கொடுத்தான். மத்தியானத்துக்கு மேல் நீங்கள் நோயாளியாக நடந்துகொள்ளவில்லை என்றானாம். பேராசிரியர்கள் திரும்பி வந்தபோது கேட்டில் ஆட்கள் நிறைந்த டிராக்டர் வெளியே போய்க்கொண்டிருந்தது. நோயாளிகள் குணமாகி, சொந்தபந்தத்தோடு, பிரெட்டும் பழமுமாகச் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்து அவர்கள் கையசைத்தார்கள். வந்த வேகத்தில் கையெழுத்தும் போட்டார்கள்.

ட்ரெயினிங் வந்த பெண்

திங்கட்கிழமை சென்னைக்குப் போனேன். வேலை கிடைத்தது. கல்லூரிக்கும் அனுமதி கிடைத்தது, கூடுதல் சீட்டோடு. நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், அவர்கள் அவர்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். ரொம்ப நாள் வரைக்கும் அதைக் கணக்குத் தீர்ந்ததாகவே நினைத்து, சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டாத விசேஷம் எங்கள் காலனியில் கிடையாது.

இப்போது நான் இருப்பது எங்கள் பக்கத்திலேயே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். போன மாதம் பெரியம்மாவுக்குக் காய்ச்சல். இந்தத் தடவை நிஜம். நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், நடக்க முடியாமல் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அஞ்சலை அத்தை வழக்கப்படி சாத்துக்குடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். க்ளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதினார்.

நான் ஒரு பிரசவ கேஸில் இருந்தேன். ட்ரெயினிங் வந்திருந்த ஒரு பெண்ணை அனுப்பினேன். கடைசி வருஷம் படிக்கிறவள், அடுத்த வருஷம் இந்த நேரம் எங்கேயாவது ஆஸ்பத்திரியில் நர்ஸாக நிற்பாள். திரும்பி வந்து பார்த்தபோது பெரியம்மாவின் இடது கை முழுக்க வீங்கி, நீலம் பாய்ந்து, பஞ்சு பஞ்சாக ஒட்டியிருந்தது. அந்தப் பெண் ஊசியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“நரம்பு கெடைக்கல மேடம். எங்களுக்குப் பொம்மைலதான் சொல்லிக் குடுத்தாங்க.”

“எந்தக் காலேஜும்மா நீ?” என்று பெரியம்மா கேட்டாள். குரலே எழும்பவில்லை.

அவள் கல்லூரியின் பெயரைச் சொன்னாள். பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எனக்குக் கோபமும் வேதனையும் சேர்ந்து வந்தது, அதை அந்தப் பிள்ளைமேல் காட்ட முடியாது. அவளுடைய அப்பா எந்த மாட்டை விற்றாரோ.

“உயிரோட இருக்கற கைல நீ குத்துனதே இல்லயா?” என்று கேட்டேன்.

“இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு பேஷன்ட்டுங்க வந்தாங்க மேடம். அன்னிக்கும் பிளாஸ்திரி மட்டும்தான் ஒட்டச் சொன்னாங்க.”

அஞ்சலை அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு இன்றைக்கு வரைக்கும் அந்த வயிற்றுவலி நிஜம்தான். நான் ஊசியை வாங்கக் கையை நீட்டினேன். பெரியம்மா தலையை ஆட்டி என்னைத் தடுத்தாள்.

“அய்வாத கண்ணு” என்றாள் அந்தப் பெண்ணிடம். “உங்க காலேஜ பாஸ் பண்ணி வுட்டதே நாங்கதான். நீ எங்க கைலதான் கத்துக்கணும்.”

சொல்லிவிட்டு, வலது கையை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.